வெள்ளிக்கிழமை மழை

‘வெள்ளி: மழை. தண்ணீர் ஊற்றவில்லை.’ நான்காம் வகுப்புக் கொப்பியில் என் கையெழுத்து. இன்று அது அகப்பட்டதும், மாத்தளையில் இடிபட்டுப்போன எங்கள் வரிசைவீடுகளும், பக்கத்து வீட்டு ஹாஜரா ராத்தா தேயிலைப்பெட்டிப் பலகையில் செய்து ஜன்னலில் பொருத்திய, சிவப்பும் ஊதாவுமாகக் காசித்தும்பை பூத்த தொட்டியும், அதிலிருந்து சுவரில் நீர் சொட்டும் ஓசையும் திரும்பி வந்தன.

ராத்தா ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்தபோது தண்ணீர் ஊற்றி, அதைக் கொப்பியில் தினமும் குறித்துவைக்கும் பொறுப்பு என்னுடையது. நான் ஒருநாளும் ஊற்றவில்லை. ஏழு நாள் குறிப்பையும் முதல் நாளே எழுதிவிட்டேன். நம்பும்படி இருக்கட்டும் என்று ஒரு மழையையும் சேர்த்தேன்.

திரும்பி வந்தவர் கருகிய செடிகளைப் பார்த்தார், கொப்பியைப் படித்தார். “எங்கட புள்ள ஒழுங்காத்தான் ஊத்தியிருக்கு, வெயில்தான் பொல்லாதது,” என்று அயலாரிடமும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

அதே ஊரில் படுத்திருந்த அவருக்கு, மழை வந்ததா இல்லையா என்று தெரிந்திருக்கும். அந்த வெள்ளி மழை பெய்ததா என்பதை நான் இன்னும் உறுதிசெய்யவில்லை.