பின் அறை விளக்கு

இது கதை இல்லை. கதை என்றால் நான் இன்னும் நன்றாக ஜோடித்திருப்பேன். என் நண்பன் டவர் தன் வாயாலேயே எனக்குச் சொன்னது. ஒரே ஒரு தடவை, அதுவும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் “இங்க டவர் எடுக்குதா?” என்றுதான் முதலில் கேட்பான். அதனால் அந்தப் பெயர். ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க் எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. வீட்டோடு மாப்பிள்ளை. மாமியார் இறந்த பிறகு மாமனார் தன் கட்டிலை முற்றத்துக்கு அப்பால் உள்ள பின் அறைக்கு மாற்றிக்கொண்டார். இதய நோயாளி. விரல்கள் நடுங்கும். செல்போனைத் தேய்த்து யாரையும் கூப்பிட முடியாது.

“நான் இருக்கேன்ல” என்று டவர் களத்தில் இறங்கினான். ஆபீஸில் கழித்துப் போட்ட இரண்டு மேஜை போன்களைக் கொண்டுவந்தான். கட்டிலருகே இருக்கும் போனில் சிவப்பு பட்டனை அமுக்கினால் ஹாலில் இருக்கும் போன் அலறும். ஆனால் இரண்டும் வைஃபை தெரியாத ஜென்மங்கள், கேபிள் செருகினால்தான் பேசும். புதிதாகத் தரை போட்ட முற்றத்தைத் தோண்ட மனைவி விடவில்லை. எனவே பின் அறையில் ஒரு பிரிட்ஜ் வைத்தான். காற்றில் வரும் வைஃபையைப் பிடித்துக் கேபிளில் இறக்கிக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. வேலை செய்தது. சொந்தபந்தம் எல்லாம் பாராட்டியது. டவரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

ஒரே ஒரு சிக்கல். அந்த அறையில் இருந்த ஒரே பிளக் பாயின்ட்டை ஃபேன் பிடித்துக்கொண்டிருந்தது. பல்பு மாட்டும் இடத்திலேயே பிளக்கும் செருகுகிற ஹோல்டர் ஒன்றை வாங்கிவந்து பிரிட்ஜையும் போனையும் அதில் மாட்டினான். லைட் எரிந்தால் போன் வேலை செய்யும். லைட்டை அணைத்தால் எல்லாம் செத்துப்போகும். இது அவனுக்குத் தெரியும். எலக்ட்ரீசியனை வைத்து அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டான். அந்த அப்புறம் வரவே இல்லை. நாளடைவில் அவனே அதை மறந்துபோனான்.

பின் அறையில் இரவெல்லாம் லைட் எரிந்துகொண்டிருக்கும். “உங்கப்பாவுக்கு இந்த வயசுலயும் இருட்டுன்னா பயமா?” என்று மனைவியைச் சீண்டுவான். அவள் லேசாகச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

ஓர் இரவு ஷிப்ட் முடிந்து வந்தவன், அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனான். மாமனார் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் லைட்டை அணைத்தான். நல்ல காரியம் செய்த நினைப்பில் போய்ப் படுத்தான்.

காலையில் மனைவி போட்ட கூச்சலில்தான் எழுந்தான். பெரியவர் கட்டிலில் பாதி சரிந்து கிடந்தார். மடியில் போன். விரல் சிவப்பு பட்டன் மேல்.

கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். பட்டனை அமுக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை போல என்று உறவுக்காரர்கள் தேற்றினார்கள். டவர் தலையை ஆட்டினான். கூட்டம் குறைந்த நேரம் பார்த்து பிரிட்ஜைக் கமுக்கமாகக் கழற்றினான். பிறகு அதை மாடியில் டிவிக்கு மாட்டினான். அந்த டிவியைப் பார்க்கும்போதெல்லாம் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்ததாம். ஆனாலும் மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் அவள் தன்னை எப்படிப் பார்ப்பாள் என்ற ஒரே பயம்தான்.

ஒரு மாதம் போனது. ஒரு மழை நாள். மனைவி கடைக்குப் போயிருந்தாள். மதியம் மூன்று பத்து.

ஹால் போன் அடித்தது.

திரையில் ‘பின் அறை’ என்று இருந்தது.

பழைய போன், கோளாறு என்று நினைத்தான். எடுத்தான். உஸ்ஸ்ஸ்... என்ற இரைச்சல். யாரோ மூச்சுக்குத் தவிக்கிற மாதிரி. அப்புறம் ஒரு சத்தம்.

டக்.

லைட் ஸ்விட்சின் சத்தம். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தான். பின் அறையில் வெளிச்சம். வெளியே பூட்டு தொங்கியது. சாவி அவன் தலைக்கு மேலே ஆணியில் இருந்தது.

மழையில் நனைந்தபடி போனான். பூட்டைத் திறந்தான். உள்ளே இருட்டு.

பல்பைத் தொட்டான். சுட்டது.

பிரிட்ஜோடு கழற்றி அலமாரியில் வைத்திருந்த போன் கட்டிலில் கிடந்தது. கேபிள் இல்லை. கரண்ட் இல்லை. ரிசீவர் மட்டும் எடுத்து வைக்கப்பட்டிருந்தது...

ரிசீவரைத் திரும்ப வைக்கக் குனிந்தான்.

“லைட்ட அணைச்சிடாதீங்க மாப்ள...”

அதே குரல். அதே மரியாதை.

ஓடினான்.

மனைவி வந்தபோது ஹாலில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தான். என்ன என்று கேட்டாள். “அந்த ரூம்ல... லைட்டு...” என்றான்.

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“லைட்ட அணைச்சா போன் செத்துப் போகுதுன்னு அப்பா மொத வாரமே கண்டுபிடிச்சிட்டாருங்க. உங்ககிட்ட சொல்றேன்னேன். வேணாம்னுட்டாரு. ‘அவ்ளோ பெருமையா செஞ்சு குடுத்திருக்காரு, சங்கடப்படுவாரு. நான் லைட்ட போட்டுக்கிட்டே தூங்கிக்கறேன்’னாரு. அவருக்கு வெளிச்சத்துல தூக்கமே வராது.”

டவர் தரையைப் பார்த்தான். இரவெல்லாம் எரிந்த அந்த விளக்கு அவனுடைய மானத்தைக் காப்பாற்றத்தான் எரிந்திருக்கிறது. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்றிருந்தது.

“அன்னிக்கு காலையில லைட்டு அணைஞ்சிருந்துச்சு. யாரு அணைச்சாங்கன்னுதான் எனக்கு இன்னும் புரியல” என்றாள்.

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். வாயைத் திறந்தான்.

“தெரியலயே” என்றான்.

ஹால் போன் அடித்தது.

அவள்தான் எடுத்தாள். காதில் வைத்தாள். நெடுநேரம் கேட்டாள். ஒரு தடவை “ம்” என்றாள். கொஞ்சம் கழித்து, “சரிப்பா” என்றாள்.

போனை வைத்தாள். மழையில் குடை பிடிக்காமல் நடந்துபோய்ப் பின் அறை விளக்கைப் போட்டாள்.

அது இன்றுவரை எரிகிறது. போனில் என்ன கேட்டாள் என்று அவளும் சொல்லவில்லை, கேட்க இவனுக்கும் தைரியம் இல்லை. முன்பு போலவே பேசுகிறாள், சாப்பாடு போடுகிறாள்.

ஆனால், அன்றைக்கு லைட்டை அணைத்தது யார் என்று அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.