பொள்ளாச்சியா, பாலக்காடா?

எங்கள் ஊர் கேரள எல்லையில், பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கல்யாணப் புடவையோ வைத்தியமோ, பொள்ளாச்சியா பாலக்காடா என்று பேசி முடிக்காமல் வீட்டில் யாரும் கிளம்ப மாட்டோம்.

போன மாசியில் ஒரு காலை, தென்னந்தோப்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த என் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சட்டையெல்லாம் வியர்வை. பொள்ளாச்சியில் இருக்கும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"இங்க கூட்டிட்டு வந்துரு" என்றார்.

பாலக்காட்டில் இருக்கும் மகளோ, "அங்க வேண்டாம்மா, இங்க வாங்க" என்றாள்.

எங்கே நல்ல டாக்டர், எங்கே காப்பீட்டு அட்டை செல்லும் என்று கேட்க மறுபடியும் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"எங்கயாச்சும் போலாம் புள்ள" என்றார் என் கணவர், மெதுவாக.

போனை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் அவரை ஏற்றினேன். அருகிலிருந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் பாலக்காட்டுக்கு அனுப்பினார்கள்.

"இன்னும் கொஞ்சம் தாமசிச்சிருந்தா ஆளு கிட்டியிருக்காது" என்றார் அங்கிருந்த மலையாள டாக்டர்.

இப்போதும் எனக்கு யோசனை அதிகம்தான். ஆனால் முதலில் செருப்பை மாட்டிக்கொள்கிறேன். போன வாரம் அவருக்கு லேசாகத் தலை சுற்றியது. அண்ணனுக்கும் மகளுக்கும் நான் போன் செய்தது, காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான்.