இரண்டாம் தூணின் அடியில்

கீமேன் அண்ணனை நினைத்தால் இடுப்பளவுத் தண்ணீரில் மூங்கில் கழியோடு அவர் நின்ற கோலம்தான் முதலில் வருகிறது. கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே, வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கல்தூண் ரயில் பாலம் இடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. வெள்ளம் வடிந்துவிட்டது. இரும்புச் சட்டங்கள் மணலில் குத்திட்டுக் கிடந்தன. கவிழ்ந்த சரக்குப் பெட்டிகளிலிருந்து கொட்டிய சிமெண்ட் கரையோரம் பாறையாக இறுகியிருந்தது. அவர் கழியை ஊன்றுவார், இழுப்பார், ஓரடி நகர்ந்து மறுபடி ஊன்றுவார். கரையில் நின்ற ஒருவரும் அவரை மேலே வரச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ரயில் பாதையில் தினமும் நடந்து, தளர்ந்த ஆணிகளை அடித்து முடுக்குகிறவருக்குக் கீமேன் என்று பெயர். எழுபதுகளில் எங்கள் பகுதிப் பாதைக்கு அவர்தான் கீமேன். பெருமாட்டிக்காரர். தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். நான் பாதை இன்ஸ்பெக்டர் அலுவலகத்தில் குமாஸ்தா. கீமேன்கள் வாயால் சொல்லும் குறைகளைப் பதிவேட்டில் ஏற்றுவது என் வேலை.

மழைக்காலம் தொடங்குமுன் ஒருநாள் வந்து சொன்னார். "ரெண்டாந் தூணுக்கு அடியில அஸ்திவாரக் கல்லு வெளிய தெரியுதுங்க. மணலை அள்ளி அள்ளிக் குழியாக்கிப் போட்டாங்க. கடப்பாறைய உட்டா சும்மா உள்ள போகுதுங்க."

நான் பேனாவைத் திறந்தேன். உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டர் குரல் கொடுத்தார். "அதை எழுதினா வண்டியெல்லாம் ஊர்ந்துதான் போகணும். மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாது. நான் போய்ப் பாத்துக்கறேன்." பேனாவை மூடினேன். அவர் போய்ப் பார்க்கவில்லை. முதல் மழை விழுந்த வாரம் கீமேன் மறுபடி வந்து அதையே சொன்னார். அன்றும் நான் எழுதவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு காலை, ஆற்றில் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தபோது, பொள்ளாச்சியிலிருந்து வந்த சரக்கு வண்டியின் எடை தாங்காமல் இரண்டாம் தூண் சாய்ந்தது. டிரைவர் ஒரு மரக்கிளையைப் பற்றிக்கொண்டு பிழைத்தார். எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பயர்மேனின் உடல் மூன்றாம் நாள் நெடுந்தூரம் தள்ளிக் கிடைத்தது. அவர் கோபாலபுரத்துக்காரர்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஸ்டேஷன் காத்திருப்பு அறையில் மேசை போட்டு உட்கார்ந்தார். கீமேன், தான் இரண்டு முறை சொன்னதாகச் சொன்னார். பதிவேட்டில் இல்லை. இன்ஸ்பெக்டர், தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பிறகு என்னைக் கேட்டார்கள். எதிரே இன்ஸ்பெக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நினைவில்லை சார்" என்றேன்.

ஒரே நாளில் எல்லாம் திரும்பிவிட்டது. தூணின் அடியைக் கவனிக்கத் தவறி ஓர் உயிரைப் பலி கொடுத்தவர் கீமேன் என்று ஆயிற்று. வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வழக்கு வரும் என்று பேச்சு அடிபட்டது. அடியில் குழி இருந்தது உண்மையானால் காட்டு என்றார் அதிகாரி. அதற்காகத்தான் அவர் தண்ணீரில் இறங்கினார். நாலு நாள் தேடினார். குழி இல்லை. பாய்கிற வெள்ளம் தூணின் அடியைத் தோண்டும். வடிகிறபோது அதே குழியில் மணலை நிரப்பிவிட்டுப் போய்விடும். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் தேடினார்.

ஐந்தாம் நாள் மத்தியானம் என் குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நின்றார். காக்கி அரைக்கால் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாதங்கள் ஊறி வெளுத்திருந்தன. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களைக் குத்தஞ்சொல்ல வரலீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுப்போட்டுப் போயிர்றனுங்க. நானு வந்து உங்ககிட்டச் சொன்னது நெசந்தானுங்களே? எல்லாரும் இல்லீங்கறாங்க. குழியுங் காணோம். இப்ப எனக்கே தெரியலீங்க. சொல்லாமயே சொன்னதா நெனைச்சுக்கிட்டனோ என்னமோ."

ஒரு மனிதனின் வேலையை மட்டும் நான் பறிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"சொன்னீங்க அண்ணா. ரெண்டு தடவை சொன்னீங்க" என்றேன்.

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அது போதுமுங்க" என்று எழுந்து போனார். அதிகாரியிடம் வந்து சொல் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலை நானே போனேன். அதிகாரி கிளம்பத் தயாராகப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுப் பெட்டியைத் திறந்து காகிதம் எடுத்தார். ஏன் முதலில் மறைத்தாய் என்றார். பயம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். கீமேன்மேல் இருந்த குற்றம் நீங்கியது. இன்ஸ்பெக்டரையும் என்னையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு நான் வருந்தியதில்லை.

செய்தி சொல்லப் பெருமாட்டிக்குப் போனபோது கீமேன் சந்தோஷப்படவில்லை. "நாம ரெண்டு பேரும் தலைய நிமித்திக்கிட்டோமுங்க. உசுரு வெள்ளத்துல போச்சுன்னே அந்தப் பயர்மேன் ஊட்டுல நெனச்சுக்கிட்டு இருப்பாங்க. யாராச்சும் போயிச் சொல்லோணுமுல்லீங்க" என்றார்.

இருவரும் கோபாலபுரத்துக்குப் பஸ் ஏறினோம். பயர்மேனின் மனைவி வாசலில் சோளம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கீமேன் பேச ஆரம்பித்தார். "அம்மிணி, அந்தத் தூணு கெட்டது எனக்கு முன்னாலயே தெரியுமுங்க..." நான் குறுக்கிட்டேன். அவர் வந்து சொன்னதையும், பதிவேட்டில் எழுதாதது நான்தான் என்பதையும் சொல்லி முடித்தேன்.

அவள் அழவில்லை; ஏசவும் இல்லை. சோளத்தைத் தள்ளிக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"அதை எழுதறதுக்கு எத்தனை நேரமாகுமுங்க?" என்று கேட்டாள்.

இப்போது அந்த ஆற்றில் வேறு பாலம், வேறு அகலத்தில் வேறு தண்டவாளம். கீமேன் அண்ணனும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் எழுதாமல் விட்டது இரண்டு வரி. இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அன்று அவளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கீமேன்தான் என் தோளைத் தொட்டு, "வாங்க, போலாமுங்க" என்றார்.