முன்பே கேட்ட சத்தம்

பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் கணக்கு ஆசிரியையாக இருந்தபோது நடந்தது இது. ஒன்பதாம் வகுப்புக்கு நிகழ்தகவுப் பாடம். பகடையில் எந்த எண்ணும் விழ ஆறில் ஒரு வாய்ப்பு என்று கரும்பலகையில் எழுதினேன். நிஜமாகவே அப்படித்தான் விழுகிறதா என்று உருட்டிப் பார்க்க, பெஞ்சுக்கு ஒரு பகடை கொடுத்தேன். ஒருத்தி உருட்ட, பக்கத்தில் இருப்பவள் கோடு போட வேண்டும். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள்.

"டீச்சர், இவ விழறதுக்கு முன்னாடியே நம்பரச் சொல்லிர்றாளுங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க."

அவள் காட்டிய பெண் வகுப்பில் வாயே திறக்காதவள். தலையைக் குனிந்துகொண்டாள். ஏதோ விளையாட்டு என்று நினைத்து, அவளை முன்னால் வரவழைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னேன். நானே உருட்டினேன்.

"நாலுங்க" என்றாள். பகடை அப்போதுதான் என் கையை விட்டிருந்தது. நாலுதான் விழுந்தது. அடுத்து ஒன்று என்றாள். மறுபடியும் ஒன்று என்றாள். ஒருமுறைகூடப் பிசகவில்லை. மற்ற பிள்ளைகள் உருட்டுவதை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

"எப்படி சாமி தெரியுது?"

"முந்தியே சத்தம் கேக்குதுங்க டீச்சர். ஒவ்வொரு நம்பருக்கும் ஒவ்வொரு மாதிரி."

மறுபடியும் பகடையைக் குலுக்கினேன். அவள் பேசவில்லை.

"சொல்லு சாமி."

"ஒண்ணும் கேக்கலீங்க" என்றாள், சுவரைப் பார்த்தபடியே.

உருட்டினேன். பகடை மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே போனது. தரையில் விழுந்த சத்தம் எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. பெஞ்சுகளை நகர்த்தித் தேடினோம், மூலை முடுக்கெல்லாம் கூட்டிப் பார்த்தோம். அது கிடைக்கவே இல்லை.

சாயங்காலம் ஆசிரியர் அறையில் எல்லாப் பெஞ்சின் கோடுகளையும் கூட்டினேன். ஒவ்வொரு எண்ணும் ஆறில் ஒரு பங்குக்கு வெகு அருகில் வந்திருந்தது. அவளுடைய பெஞ்சை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தேன். அதிலும் எந்த எண்ணும் அளவுக்கு மீறி விழவில்லை. விழுந்ததைத்தான் கோடு சொல்லும்; அதை ஒருத்தி முன்கூட்டியே சொன்னாள் என்பதற்கு அதில் இடமில்லை. கணக்கு அத்தனை சரியாக இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அதன்பின் அவளிடம் நான் அதைப் பற்றிப் பேசவில்லை. போன வருடம் நாமக்கல் பேருந்து நிலையத்தில் அவளே வந்து வணக்கம் சொன்னாள். நர்சிங் படித்து முடித்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலையாம். இரண்டு காதையும் மூடி பெரிய ஹெட்போன் மாட்டியிருந்தாள்.

"என்ன பாட்டு கேக்கறே?" என்றேன்.

"பாட்டெல்லாம் இல்லீங்க டீச்சர், சத்தம் கேக்காம இருக்கத்தானுங்க. வார்டுக்குள்ள இத மாட்ட உடமாட்டேங்கறாங்க. அதான், வெளிய வந்தா கழட்டறதே இல்லீங்க."