கிழக்கு வாசல் வீடு

ஆம்புலன்ஸில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்ததெல்லாம் திரும்பும் சவாரிகள்தான். மதுரையில் டாக்டர்கள் கைவிரித்துவிட்ட நோயாளிகளை வீட்டில் கொண்டுபோய் விடுவது. சைரன் கிடையாது, அவசரம் கிடையாது. புதிதாக வந்த பெண்ணுக்கு இது போதும் என்று நினைத்திருப்பார்கள். எனக்கோ எரிச்சலாக வரும். உயிரைக் காப்பாற்றப் படித்துவிட்டு வழியனுப்பவா போவது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வண்டியில் ஏறுவேன்.

அந்த அம்மாவை ஏற்றிய காலையிலும் அப்படித்தான். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். புற்றுநோய் முற்றி ஆள் பாதியாகியிருந்தார். கூட ஏறிய மகள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அம்மா உயிரோடு வீட்டுக்குள் போய்விடுவாளா என்று. காலமெல்லாம் ஊரார் வீடுகளுக்குச் சித்தாளாகக் கலவை சுமந்தவர், சிறுகச் சிறுகச் சேர்த்துத் தனக்கென்று ஒரு வீடு கட்டியிருக்கிறார். பூச்சுவேலை முடிந்ததும் படுத்துவிட்டார். இன்னும் பால்கூடக் காய்ச்சவில்லை. அவர்கள் வழக்கத்தில், வெளியே உயிர் பிரிந்தால் உடலை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். தெருவிலேயே கிடத்தி அங்கிருந்தே எடுத்துவிடுவார்கள். வழியில் மூச்சு நின்றால், தான் கட்டிய வீட்டுக்குள் அவர் நுழையவே முடியாது.

எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. டிரைவரைச் சைரன் போடச் சொன்னேன்.

"வீட்டுக்குப் போற கேஸுக்கு எதுக்குத்தா சைரன்?" என்றார்.

"உயிரோட போற கேஸுண்ணே. போடுங்க."

போட்டார். வைகைப் பாலத்து நெரிசல் வழிவிட்டது. ஊரைத் தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று நடுரோட்டில் ஆடி அசைந்து போனது. டிரைவர் விட்ட வசவில் அதுவும் ஒதுங்கியது. உள்ளே மூச்சு இழுத்து இழுத்து வந்தது. சளியை உறிஞ்சி எடுத்தேன், தலைமாட்டை உயர்த்தினேன், ஆக்ஸிஜனைக் கூட்டினேன். அவருக்குக் கண் சொருகும்போதெல்லாம் வீட்டைப் பற்றியே கேட்டேன். என்ன பெயிண்ட், வாசல் எந்தப் பக்கம் என்று. "கெழக்கு" என்று ஒருமுறை பதில் வந்தது. அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

தெருவுக்குள் திரும்பியதும் வண்டி நின்றுவிட்டது. வீட்டு வாசலை அடைத்துச் சாமியானா. அதன்கீழ், படியை மறித்து ஃப்ரீசர் பெட்டி. நாற்காலிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் ஒப்பாரியே வைக்கத் தொடங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் இப்படி அனுப்பிவைத்த யாரும் அந்த ஊருக்கு உயிரோடு வந்து சேர்ந்ததில்லையாம். அதனால் அந்த அம்மாவின் தம்பி எல்லாவற்றையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார். அழுது வீங்கிய கண்ணோடு ஓடிவந்தார், பாவம்.

நான் கீழே குதித்தேன். "உயிரோட இருக்காக. மொதல்ல அந்தப் பெட்டியத் தூக்குங்க."

ஒப்பாரி பாதியில் நின்றது. பெட்டி நகர்ந்தது. ஸ்ட்ரெச்சர் அந்தக் கதவில் நுழையவில்லை. பாடை தூக்க வந்த நான்கு பேர் போர்வையின் முனைகளைப் பிடித்துக்கொண்டார்கள். நான் சிலிண்டரோடு ஒட்டியபடியே போனேன். வாசலைத் தாண்டும்போது அந்த அம்மா கையை நீட்டி நிலையைத் தடவினார். உள்ளே போய்விட்டோம். ஜெயித்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றியது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மகள் அடுப்பு மூட்டிப் பால் வைத்தாள். பொங்கியபோது குலவை போட்டது, ஒப்பாரி வைத்த அதே பெண்தான். இரண்டு சொட்டுப் பாலை அம்மாவின் உதட்டில் தடவினாள் மகள். அவர் கண்ணைத் திறந்து, ஜன்னல் வழியாகச் சாமியானாவைப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டார்.

"பந்தல் போட்டதுதான் போட்ட, ரெண்டு வாழ மரம் கட்டக்கூடாதாடா?"

தம்பி அரிவாளோடு தோட்டத்துக்கு ஓடினார்.

சில நாள் கழித்து, அந்த வீட்டுக்குள்ளேயே அமைதியாகப் போய்ச் சேர்ந்தார் என்று மகள் போனில் சொன்னாள். ஆனால் அன்றைக்கு நாங்கள் கிளம்பும்போது சாமியானாவின் இரண்டு பக்கமும் வாழை மரம் நின்றது. டிரைவர் வண்டியை எடுத்தார். ஊர் எல்லை தாண்டும்வரை, காலி வண்டிக்குச் சைரன் போட்டுக்கொண்டே வந்தார்.