ஸ்டோக் என்று ஒரு சொல்

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம் நான் நைனார்பாளையத்தில் அக்கா வீட்டில் தங்கி, பக்கத்து ஊர்ப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராக இருந்தேன். ரோடு நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, பள்ளியும் இல்லை. அக்கா வீட்டுக்காரர் கரும்பாலைக் கொட்டாயில் வெல்லம் காய்ச்சும் அடுப்புக்குச் சக்கை தள்ளுகிறவர். வெட்டிய கரும்பு காத்திருக்காது என்பதால் அந்தக் கொட்டாய் மட்டும் ஓடியது.

ஒரு மதியம் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "உங்க மாமாவ போலீஸ் புடிச்சிக்கினு போவுதுக்கா!"

நானும் அக்காவும் ஓடினோம். ரோட்டில் கிடந்த புளியமரத்துக்கு யாரோ தீ வைத்திருந்தார்கள். அடுப்பு கிளறும் கம்பி வளைந்துவிட்டதால், அதை நிமிர்த்தக் கொல்லன் பட்டறைக்குக் கிளம்பிய மாமா சரியாக அங்கே அகப்பட்டிருந்தார். சட்டையெல்லாம் கரி, கையில் நீளக் கம்பி. ஜீப்பில் இருந்த அதிகாரி வடநாட்டுக்காரர், தமிழ் அரைகுறை.

"இன்னா கேக்கறாருன்னே புரியல. நீ சொல்லும்மா" என்றார் மாமா.

நெருப்பு வைக்கிறவர் என்று வாய்வரை வந்த இங்கிலீஷை, எரிகிற மரத்தைப் பார்த்ததும் விழுங்கினேன். "ஜாகரி, சார்" என்று வெல்லத்தை மட்டும் சொல்லி, சக்கை தள்ளுவதுபோல் கையை ஆட்டிக் காட்டினேன்.

"ஓ, ஹி ஸ்டோக்ஸ் தி ஃபர்னஸ்?"

அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை. "எஸ் சார், ஸ்டோக்ஸ்" என்றேன்.

சொன்னது நிஜமா என்று பார்க்க, எங்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப் நேரே கொட்டாய்க்குப் போனது. அடுப்பு அணையப் பார்த்தது, ஆலைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். மாமா குதித்து இறங்கி, யாரையும் பார்க்காமல் சக்கையை அள்ளித் தள்ளினார். தீ எழும்பியதும் கொப்பரையில் பாகு நுரைத்தது. அதிகாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். ஆலைக்காரர் நீட்டிய சூடான வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சில நாள் கழித்து இங்கிலீஷ் பேப்பர் வந்தது. கலவரச் செய்தியில் அதே சொல். அகராதியைப் புரட்டினேன். அடுப்பில் விறகோ கரியோ போட்டு எரியவிடுதல் என்பது முதல் பொருள். கோபத்தையும் பகையையும் தூண்டிவிடுதல் என்பது அடுத்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமாவிடம் இரண்டு பொருளையும் சொன்னேன். "அடுப்புன்னு அந்த ஆபீசரே சேத்து சொன்னாரு. இல்லன்னா வம்பாயிருக்கும் மாமா."

மாமா சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "அர்த்தம் தெரியாமயாடி எஸ் சார்ன்ன?" என்று கேட்டாள்.