இறங்கிய புள்ளிகள்

சட்டைத் தொழிற்சாலையின் காலர் பிரிவில் அவளுக்குப் பெடல் அக்கா என்று பெயர். கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள், மெஷின் பெடலை மிதிப்பாள். பத்தொன்பது வருஷமாக அதே மெஷின். இரண்டு பிரசவத்துக்கும் அங்கிருந்துதான் போனாள். புருஷன் படுத்த படுக்கையாகக் கிடந்த வருஷமும் அதன் முன்னால்தான் கழிந்தது. இன்றோ, மிதித்த மிதியில் ஊசி இரண்டு ஒடிந்தன.

ஆட்குறைப்புப் பட்டியல் வந்திருந்தது. பதினொரு பேர். எல்லாரும் பத்து வருஷத்துக்கு மேல் காலர் தைத்தவர்கள். முதல் பெயர் அவளுடையது.

"போன மாசம் ஏறின பழைய ஆளுங்க இந்த மாசம் விழுந்துட்டாங்களாம்க்கா. செவுத்துல இருக்கற சார்ட்டே சொல்லுதாம்," என்றாள் பக்கத்து மெஷின்காரி.

அந்தச் சார்ட்டில் படுக்கைக் கோடு வேலை பார்த்த வருஷத்தைக் காட்டும். ஆளுக்கொரு சிவப்புப் புள்ளி. மாதக் கடைசியில் அவரவரே ஒட்ட வேண்டும். நிற்கும் கோடு போன மாதம் வரை மணிக்கு எத்தனை காலர் என்று காட்டியது. இந்த மாதம் அதை ஒரு காலருக்கு எத்தனை நிமிஷம் என்று மாற்றியிருந்தார்கள். மேனேஜர் ஓரத்து எழுத்தைப் படிக்கவில்லை. புள்ளிக்கூட்டம் வலது பக்கம் போகப் போக இறங்குவதை மட்டும் பார்த்தார். ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. அவ்வளவுதான் அவர் கணக்கு.

அவள் சார்ட்டைச் சுவரிலிருந்து பிய்த்துக்கொண்டு அவர் அறைக்குள் போனாள்.

"இது என் கையால ஒட்டின புள்ளி சார். எங்க இருக்கு?"

"அடியில. அதனாலதானே..."

"ஓரத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றினார். "ஒரு காலருக்கு... நிமிஷம்."

"எனக்கு ரெண்டு. நேத்து சேர்ந்த பொண்ணுக்கு ஏழு. வருஷம் ஏற ஏற நிமிஷம் இறங்குது. காய்ச்சல் இறங்கினா உங்க வீட்ல ஒப்பாரி வைப்பீங்களா?"

கதவுக்கு வெளியே யாரோ சிரித்தார்கள். மேனேஜரின் காது சிவந்தது. "கத்தாதம்மா. உன் பேரை எடுத்துடறேன். போய் வேலையப் பாரு."

சரி என்று போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே அவளுக்குத் தன் மேலும் எரிச்சல் வந்தது.

"பதினோரு புள்ளியும் ஒண்ணாத்தானே இறங்குச்சு? பட்டியல்ல அத்தனை பேர் பேரையும் அடிங்க. நான் பாக்கணும்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அந்த அறையில் அதுவரை எந்தத் தையல்காரியும் உட்கார்ந்ததில்லை.

அவர் ஒவ்வொன்றாக அடித்தார். ஏழாவது பெயரில் பேனா நின்றது. "இவங்க தினம் லேட்டா வர்றவங்க."

"அதுக்கு வேற சார்ட் போடுங்க. இதுல அடிங்க."

அடித்தார். பதினொன்றும் முடிந்த பிறகுதான் எழுந்தாள். நன்றி சொல்லவில்லை. கதவையும் சாத்தவில்லை.